எழுது என்று ஒரு சொல்

சிபு
8 மார்ச் 1996

அன்புள்ள தம்பி ஹொக் மிங்குக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. அம்மாவின் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். கூச்சிங்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சீனப் புத்தாண்டுக்கு வந்தபோது உன் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போல இருந்தது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். லானாங் சாலையில் முதலாளி லாய் தவுக்கே கட்டும் நாலு மாடிக் கடைத்தொகுதியின் அஸ்திவாரத்துக்கு உன் அத்தான்தான் பைல் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார். லாய் கம்பெனி கொடுத்த மண் அறிக்கையில் முப்பது மீட்டரில் கெட்டித் தரை என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் இவர் விலை சொன்னார். செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் தேதி, முதன்முதலாக அடித்த எட்டாம் எண் பைல் முப்பதையும் தாண்டி, கஞ்சிக் கிண்ணத்தில் குச்சி விட்டாற்போல உள்ளே போய்விட்டது. மேலே ஒரு துண்டு ஒட்டி அடித்தார்கள். அதுவும் போயிற்று. மேஸ்திரி ஜிம்பாவ் தலையைச் சொறிந்துகொண்டு, "தவுக்கே, கீழ இருந்து யாரோ புடிச்சு இழுக்குறாங்க" என்றானாம். கடைசியில் நாற்பத்தெட்டில் நின்றது. அடுத்த மூன்றும் அப்படியே. நம் ஊர்ச் சேற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தரை இறங்கி இறங்கி நம் வீட்டு வாசலில் நாலாவது படி கட்டியாகிவிட்டது.

அன்று சாயங்காலமே காப்பிக்கடையில் இவர் லாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். லாய், "அடிச்சுக்கிட்டே போப்பா. கூடுதல் பைலுக்கு அப்புறம் பாத்துக்கலாம். நமக்குள்ள என்ன?" என்று தோளைத் தட்டினாராம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றேன். "கூட உக்காந்து காப்பி குடிக்கிற மனுசனுக்கு ரிஜிஸ்டர் தபாலா? அதுக்கு அவர் மூஞ்சியில துப்பிட்டு வரலாம்" என்கிறார். ஒப்பந்தம் தொண்ணூறு பக்கம். இவர் படித்தது கையெழுத்துப் போட்ட இடத்தை மட்டும்தான்.

நீ கட்டட வழக்குக்கென்றே பேர் வாங்கியவன். எழுதலாமா, வேண்டாமா? "எழுது" என்று ஒரு சொல் போதும். நீ சொன்னால் கேட்பார். நான் சொன்னால் மீன் மார்க்கெட் சட்டம் என்பார். அந்த பைல் இயந்திரம்தான் எங்கள் சோறு, உனக்குத் தெரியும். இதைத் தொலைபேசியில் கேட்கலாமென்றால் உன் அலுவலகப் பெண் நீ மீட்டிங்கில் இருப்பதாகவே சொல்கிறாள்.

சிங் மிங் கல்லறை நாளுக்கு வருவாய் அல்லவா? அப்பா கல்லறையைச் சுத்தம் பண்ண ஒரு கை குறைகிறது.

உன் அக்கா,
சியூ இங்

*

சிபு
23 மார்ச் 1996

அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம். போன கடிதம் கிடைத்ததா? தபால்காரன் மேல் சந்தேகப்படலாம் என்றால், அவன் நம் சபையிலேயே பாஸ் என்கிற கட்டைக் குரலில் பாடுகிறவன். இதுவரை எதையும் தொலைத்ததில்லை.

இருபது பைல் முடிந்துவிட்டது, எல்லாமே நாற்பத்தைந்துக்குக் கீழே. இவர் இரவில் புரண்டு படுக்கிறார், கேட்டால் கொசு என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறேன். அம்மா உன்னை விசாரித்தாள்.

அக்கா

*

எமது குறிப்பு எண்: சொந்தம்/7/96
கூச்சிங்
6 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மார்ச் முழுவதும் வேலைச்சுமை. சிங் மிங்குக்கு வர முடியாமல் போனதில் மிகவும் வருத்தம். அப்பாவின் கல்லறைக்கு என் பேரிலும் பூ வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் முட்டிக்கு இங்குள்ள எலும்பு மருத்துவரிடம் கேட்டேன். படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். தைலம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், காலையும் மாலையும் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். இங்கே மழை விடவில்லை. முடிந்தால் யாரிடமாவது கொம்பியா ரொட்டி கொடுத்தனுப்புங்கள். கூச்சிங்கில் விற்பதை ரொட்டி என்று சொல்ல மனம் வரவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் வேலை நல்லபடியாக முடிய ஜெபிக்கிறேன்.

தங்கள் தம்பி,
லிங் ஹொக் மிங்

*

சிபு
19 ஏப்ரல் 1996

அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம். கடிதமும் தைலமும் வந்தன. அம்மாவின் முட்டி வலிக்குக்கூடக் குறிப்பு எண் போடுகிற ஒரே மகனைப் பெற்றவள் அவள்தான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழாம் நம்பருன்னா இதுக்கு முன்ன ஆறு எழுதினானா? எனக்கு ஒண்ணும் வரலையே?" என்று கேட்டாள்.

கொம்பியா நாற்பது அனுப்புகிறேன். எள் போட்டது இருபது, போடாதது இருபது.

நான் கேட்டதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை இவர் இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "பாத்தியா, வக்கீல் மச்சானே வாயத் தொறக்கல. பயப்படுற மாதிரி இருந்தா சொல்லாம விடுவானா? உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பதட்டம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆபத்து இருந்தால் நீ தந்தி அடித்திருப்பாய். அன்று இரவு இவர் குறட்டை விட்டுத் தூங்கினார். உனக்கு அதற்காக நன்றி.

அக்கா

*

எமது குறிப்பு எண்: சொந்தம்/9/96
கூச்சிங்
11 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொம்பியா வந்தது, இரண்டே நாளில் தீர்ந்தது. எதையும் எழுத்தில் வைத்துக்கொள்வது பொதுவாக நல்ல பழக்கம் என்று அத்தானிடம் சொல்லவும். அம்மா தைலத்தை விடாமல் தேய்க்கிறாளா?

தம்பி

*

சிபு
14 செப்டம்பர் 1996

தம்பி ஹொக் மிங்குக்கு,

சமாதானம். அம்மா சுகம். மற்றதைச் சொல்கிறேன்.

பைல் எல்லாம் ஜூலையில் முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பைலும் ஆழமாகப் போனவை. இவர் கூடுதல் வேலைக்கான விவரத்தை எழுதிக்கொண்டுபோய் லாயிடம் கொடுத்தார். லாய் இருமினார், காப்பி வாங்கிக் கொடுத்தார், "ஆபீஸ்ல பாக்கச் சொல்றேன்" என்றார். ஆறு வாரம் கழித்து நேற்று ஒரு வக்கீல் கடிதம் வந்தது. பதினான்காம் ஷரத்துப்படி, எதிர்பாராத எதுவும் நேர்ந்தால் நேர்ந்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடுமாம். நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால் போதுமாம், விவரங்களைப் பின்னால்கூடக் கொடுத்திருக்கலாமாம். அந்த வரியை நான் நாலு முறை படித்தேன்.

கடிதத்தின் தலையில் உன் அலுவலகத்தின் பெயர். அதே நீல எழுத்து, அதே மரச்சின்னம். அம்மா உறையைப் பார்த்துவிட்டு, "ஹொக் மிங் கடுதாசியா? என்ன எழுதியிருக்கான்?" என்று ஓடிவந்தாள்.

கையெழுத்து உன்னுடையது இல்லை. வேறு யாரோ. உனக்கு இது தெரியுமா? தெரியாதென்றே நினைக்கிறேன். எங்களுக்காக நீ வந்து பேச வேண்டும்.

அக்கா

*

கூச்சிங்
2 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மிகவும் வேதனைப்பட்டேன். லாய் நிறுவனம் எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் கட்சிக்காரர். ஆகவே இவ்விஷயத்தில் தங்களுக்காக நான் பேச இயலாது. அலுவலகத்தில் உறவைச் சொல்லிவிட்டேன். அந்தக் கோப்பை நான் தொடுவதில்லை, இனியும் தொடமாட்டேன் என்பதை நம்பவும். சிபுவிலேயே நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். மூன்று பெயர்கள் தனித்தாளில் வைத்திருக்கிறேன். தாமதிக்காமல் பார்க்கவும்.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி

*

சிபு
20 பிப்ரவரி 1997

தம்பிக்கு,

சமாதானம். புத்தாண்டுக்கு நீ வரவில்லை. அம்மா உனக்காக மீ சுவா நூடுல்ஸ் எடுத்து வைத்து, சிவப்பு மது ஊற்றிய கோழியை மூன்று நாள் சுடவைத்து, நாலாம் நாள் தானே சாப்பிட்டாள்.

கோர்ட்டுக்குப் பதில் ஒப்பந்தப்படி நடுவர் விசாரணை, ஜனவரியில் ஆற்றங்கரை ஓட்டலில் நடந்தது. நடுவர் சிங்கப்பூரிலிருந்து வந்தவர், மரியாதையான மனிதர். இவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்டார்.

"நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"எப்படி?"

"வாயால. அன்னிக்கே."

"எங்க?"

"காப்பிக்கடையில."

உன் அலுவலகத்துப் பையன் ஒருவன் சிரிப்பை அடக்கினான். லாய் சிரிக்கவில்லை. அவரைக் கேட்டபோது மேசையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னாரு. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பேப்பர்ல இல்லையே" என்றார். நான் அவரை வெறுக்கலாம் என்றுதான் போயிருந்தேன். முடியவில்லை.

முடிவு போன வாரம் வந்தது. சேறு ஆழம் என்பது உண்மை, மண் அறிக்கை தப்பு என்பதும் உண்மை, வேலையை நன்றாகச் செய்திருக்கிறார் என்பதும் உண்மை. அத்தனையையும் எழுதிவிட்டு, நோட்டீஸ் ஏப்ரல் இரண்டுக்குள் வரவில்லை, ஆகவே ஒன்றும் கிடையாது என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்.

பைல் இயந்திரத்தை விற்றாயிற்று, மீரியிலிருந்து வந்த ஆள் ஓட்டிக்கொண்டு போனான். இவர் அதற்கு எண்ணெய் போட்டு, துடைத்து, எந்த கியர் பத்து மணிக்கு மேல் மக்கர் பண்ணும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். ஜிம்பாவ் அழுதான். இவர் அழவில்லை. அடுத்த மாதம் பிந்துலுவுக்குப் போகிறார், இன்னொருத்தனிடம் மேஸ்திரியாக. ஐம்பத்திரண்டு வயதில் தகரக் கொட்டகையில் படுக்கப் போகிறார்.

"எம் மச்சான் இந்தக் கேஸைப் பாத்திருந்தா ஜெயிச்சிருப்பேன். அவன் கையக் கட்டிப் போட்டுட்டாங்க, பாவம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா

*

சிபு
6 ஜூலை 1997

தம்பிக்கு,

பிப்ரவரியில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு கனமான புத்தகத்தோடு வந்தார். இந்த வட்டாரத்தில் கட்டட வழக்குகளில் முன்னணி வக்கீல் நிறுவனங்கள், முன்னணி வக்கீல்கள் என்று வருடாவருடம் போடுகிறார்களாமே, அது. கூச்சிங்கில் யாரோ கொடுத்தார்களாம். உன் பெயர் இருக்கும் பக்கத்தில் காகிதம் செருகியிருந்தார். "நம்ம லிங் குடும்பத்துப் புள்ள! சபைக்கே பெருமை!" என்று எல்லோர் முன்னாலும் கைதட்ட வைத்தார். நானும் தட்டினேன். அம்மா எழுந்து நின்று தட்டினாள், முட்டியைக்கூட மறந்துவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். மெதடிஸ்ட் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை ஆங்கிலம் படித்தவள் நான், மறந்துவிடாதே. உன் படத்துக்குக் கீழே இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "ஒப்பந்தங்களை வரைவதில் கூர்மையானவர். இவர் வரைந்த இருபத்தெட்டு நாள் நோட்டீஸ் ஷரத்து, அண்மையில் சிபுவில் ஒரு பைல் ஒப்பந்தக்காரரின் கோரிக்கையை முழுமையாக முறியடித்தது. கட்சிக்காரர்கள் இவரை முழுதாக நம்புகிறார்கள்."

கோப்பைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய்.

ஒரே ஒரு கேள்வி. போன வருடம் மார்ச் எட்டாம் தேதி நான் எழுதிய கடிதம் உனக்கு என்றைக்குக் கிடைத்தது?

சியூ இங்

*

கூச்சிங்
21 ஜூலை 1997

அக்கா,

இதைக் கையால் எழுதுகிறேன். அலுவலகத் தாள் இல்லை.

உங்கள் கடிதம் மார்ச் பதினான்காம் தேதி கிடைத்தது. வியாழக்கிழமை. நின்றுகொண்டே படித்தேன். பத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது.

பதினான்காம் ஷரத்து நான் எழுதியது. அதற்கு முந்தின வருடம் வரை லாயின் ஒப்பந்தங்களில் அறுபது நாள் இருந்தது. நான்தான் இருபத்தெட்டாக்கினேன். எங்கள் மூத்த பங்குதாரர் சிம் ஐயா அதைப் பார்த்து, "இது ஷரத்து இல்லப்பா, எலிப்பொறி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே அகப்படுவது யார் என்று அப்போது யோசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் "எட்டாம் எண் பைல்" என்று படித்ததுமே நாள்காட்டியை எடுத்து நாளை எண்ணினேன். எழுது என்று சொன்னால் கட்சிக்காரருக்குத் துரோகம். அதைத் தொழில் தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொரு வாக்கியம் இருந்தது, அக்கா. "இதில் நான் ஒன்றும் சொல்லக் கூடாது, இன்றே வேறு வக்கீலைப் பார்." அதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை, அதுதான் முறையும்கூட. அதை மூன்று முறை எழுதினேன். மூன்றையும் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அனுப்பியிருந்தால் அன்றே அலுவலகத்தில் உறவைச் சொல்லியிருக்க வேண்டும். லாயின் வேலைகளிலிருந்து என்னை விலக்கியிருப்பார்கள். அந்த வருடம் என்னைப் பங்குதாரராக்குவதாக இருந்தது, இந்தப் புத்தகத்துக்கும் என் பெயரைக் கொடுப்பதாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீங்களாகவே லாய்க்கு எழுதிவிடுவீர்கள் என்று நம்பினேன். அத்தானை எனக்குத் தெரியும், எழுத மாட்டார் என்பதும் தெரியும். இருந்தும் நம்பினேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி வேலை முடிகிற வரை நாற்காலியிலேயே இருந்தேன். மூன்றாம் தேதி காலையில் அந்த மூன்று தாளையும் கிழித்தேன். ஆறாம் தேதி அம்மாவின் முட்டியைப் பற்றி எழுதினேன். சிங் மிங்குக்கு வராதது வேலையால் அல்ல. அத்தான் முகத்தைப் பார்க்க முடியாமல்தான்.

கோப்பைத் தொடவில்லை என்றது உண்மை. தொட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

நான் பேசாததை நீங்கள் "பயமில்லை" என்று படித்தீர்கள், அதற்கு நன்றியும் சொன்னீர்கள். அத்தான் அன்று தூங்கினார் என்று எழுதிய வரி எனக்கு மனப்பாடம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

ஹொக் மிங்

*

பதிவுத் தபால்
சிபு
18 ஆகஸ்ட் 1997

உன் குறிப்பு: இல்லை
என் குறிப்பு: உன் அக்கா

தம்பி ஹொக் மிங்குக்கு,

சமாதானம் உண்டாவதாக. எழுதும்போது கை நின்றது, இருந்தாலும் எழுதிவிட்டேன். அம்மா சுகம். அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. புத்தகம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் வந்தாலும் செருகின காகிதம் விழாமல் திறந்து காட்டுகிறாள். தரை இன்னும் இறங்கி, ஐந்தாவது படியும் கட்டியாகிவிட்டது. அவள் ஏறும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உன் கடிதம் ஜூலை இருபத்தைந்தாம் தேதி வந்தது. முதல் வாரம் அதை அடுப்பில் போடப் போனேன். இரண்டாம் வாரம் உன்னைத் திட்டி ஆறு பக்கம் எழுதி, அதைத்தான் அடுப்பில் போட்டேன். அட பாவி, அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கேட்கிறேன்.

மூன்றாம் வாரம் உன் அத்தான் பிந்துலுவிலிருந்து வந்தார். மெலிந்துவிட்டார், உள்ளங்கையில் மறுபடியும் பையன் காலத்துக் காய்ப்பு. சாப்பிட்ட பிறகு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பல்குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தொம்பது நாளா?" என்றார்.

"ஆமா."

"பாவி. பத்தொம்பது நாளு எப்படித் தூங்கினான்?"

பிறகு, "நீ எழுதுன்னு சொன்ன. நானும் எழுதலையே. மூஞ்சி கெட்டுப்போகும்னு பயந்தேன். அவனும் அதுக்குத்தான் பயந்திருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, மருந்து மட்டும் எனக்கு ஊத்திட்டாங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. கொல்லைப்புறம் போய்விட்டார், திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

இனி உன்னைப் பற்றி. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வராது, பொய். மன்னிக்கவே மாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் என் கையெழுத்து மாதிரி இல்லை. இப்போதைக்கு என்னிடம் ஒன்றும் தயாராக இல்லை. எவ்வளவு நாளாகும் என்றும் தெரியாது.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன், நீதான் கற்றுக் கொடுத்தாய். மனதில் இருந்தால் போதாது, காப்பிக்கடையில் சொன்னால் போதாது. இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேராவிட்டால் உரிமையே போய்விடும். இன்று இருபத்துநாலாம் நாள். பதிவுத் தபால் மூன்று நாளில் வந்துவிடும் என்று பாஸ் குரலில் பாடும் நம் தபால்காரன் சத்தியம் செய்திருக்கிறான்.

ஆகவே இதனால் அறிவிப்பது: உன்னை என்றாவது ஒருநாள் மன்னிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இது நோட்டீஸ்.

விவரங்கள் பின்னால்.

உன் அக்கா,
லிங் சியூ இங்